800 மீட்டர்ல முதல்ல வந்தும் டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க, இனி ஓட்டமே வேண்டாங்கறா எம்பொண்ணு. என்ன பண்றதுங்க?

செக்கிங்_அம்மா, திருப்பூர்

வணக்கங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருப்பேன், எழுதறது இப்பத்தான் முதல் தடவ, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எம்பொண்ணு 10வது படிக்கறா, கவர்மெண்ட் ஸ்கூலுங்க. 7வதுல இருந்து ஓடறா. நானும் அவங்கப்பாவும் பனியன் கம்பெனிதான், அவரு பவர்டேபிள், நான் செக்கிங். காலைல அஞ்சே காலுக்கு அவள கிரவுண்டுல விட்டுட்டு வந்து சோறாக்கி டப்பா கட்டி ஷிப்டுக்கு ஓடறதுதான் மூணு வருசமா எங்க பொழப்பு, அதுல எனக்கு ஒரு சலிப்பும் இருந்ததில்லீங்க.

போன வாரம் மாவட்ட அளவு போட்டி, 17 வயசுக்குட்பட்டோர் 800 மீட்டர். குறுவட்டத்துல முதல்ல வந்துதான் போயிருந்தா. முந்தின நாள் ராத்திரி நல்ல மழைங்க, கிரவுண்டு சொதசொதன்னு கெடந்துச்சு, சுண்ணாம்புல போட்ட கோடெல்லாம் கரைஞ்சு போய் காலைல அவசர அவசரமா மறுபடி போட்டாங்க. 800க்கு முதல் வளைவு முடியற வரைக்கும் அவங்கவங்க லேன்லயே ஓடோணும், அங்க ஒரு கோடு இருக்கும், அதத் தாண்டித்தான் உள்பக்கம் வரலாம்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். இவ அந்தக் கோட்டுக்கு நாலஞ்சு எட்டு முன்னாடியே உள்ள வந்துட்டாளாம். அது தெரியாம ரெண்டு ரவுண்டும் உசுரக் குடுத்து ஓடி, பின்னாடி வந்த புள்ளைக்கும் இவளுக்கும் பத்து மீட்டர் இருக்குங்க, முதல்ல வந்து தரைல விழுந்து எந்திரிச்சு, கூட்டாளிக எல்லாம் கட்டிப்புடிச்சு, கால் மணி நேரம் கழிச்சு மைக்குல நம்பர் சொல்லி டிஸ்குவாலிஃபைடுன்னாங்க. அவ குனிஞ்சு அவ நெஞ்சுல இருந்த நம்பரப் பாத்தா பாருங்க, அது என் கண்ணுலயே நிக்குது.

வீட்டுக்கு வந்தும் அந்த நம்பர் துணியக் கழட்டவே இல்ல. நாலு மூலைலயும் ஊக்கு, அப்படியே படுத்துட்டா. ராத்திரி நான்தான் ஒவ்வொரு ஊக்கா கழட்டுனேன். முழிச்சுட்டுத்தான் இருந்தா, கண்ணத் தொறக்கல.

இப்ப இனி ஓட மாட்டேன்கறா. அவங்க அப்பாத்தா இதுதான் சாக்குன்னு, வயசுக்கு வந்த புள்ள ட்ராயரு போட்டுட்டு ஓடுனது போதும் பப்ளிக் பரிச்சைக்குப் படிக்கச் சொல்லுங்குது. சொந்தக்காரங்க ஆறுதல் சொல்றவங்க எல்லாம் தோல்விதான் வெற்றிக்குப் படிக்கட்டுன்னு போன்ல அனுப்பறாங்க. எனக்கு அது வேண்டாங்க. நெசமா கேக்கறேன், ஸ்கூல்ல வெளையாண்டு இப்படி அடிபட்டவங்க இங்க இருப்பீங்க, உங்களுக்கு அதுல என்ன கெடைச்சுது? ஒண்ணும் கெடைக்கலைன்னாலும் சொல்லுங்க. அவள நிறுத்தறதா, போகச் சொல்றதான்னு அத வெச்சுத்தான் முடிவு பண்ணோணும்.

---

பழைய_ரைடர், தூத்துக்குடி

அக்கா, படிச்சுட்டு அந்த ஊக்கு எடத்துல கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் ஸ்கூல்ல கபடி, 12வது வரைக்கும். நீங்க நெசமாச் சொல்லுங்கன்னு கேட்டதால நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன்.

நல்லது மொதல்ல. கபடில அவுட் ஆயிட்டா வெளிய போய் வரிசையா உக்காரணும். நம்ம ஆள் யாராவது பாயிண்ட் எடுத்தாத்தான் அவுட் ஆன வரிசைப்படி ஒவ்வொருத்தனா உள்ள வர முடியும். நான் ரைடர், எதிராளி பக்கம் ஏறிப் போய்த் தொட்டுட்டு வர்றவன், அந்தத் திமிரு எனக்கு உண்டு, 9வது படிக்கையில ஒரு மேட்ச்ல ஆரம்பத்துலயே புடிச்சிட்டானுவ, வெளிய உக்காந்துட்டேன். என்னை உள்ள கொண்டு வந்தது யாருன்னா அதுவரைக்கும் நான் ஒரு ஆளாவே மதிக்காத ஒரு கார்னர் பையன், ஓரத்துல நின்னு புடிக்கறவன், ஒல்லியா இருப்பான், எதிராளி கணுக்காலப் புடிச்சுத் தொங்கிட்டான், விடவே இல்ல. அவன் புடிச்ச கேட்ச்லதான் நான் திரும்ப உள்ள போனேன். அந்த மேட்ச் தோத்துட்டோம், ஆனா அதுக்கப்புறம் நான் அவன்கிட்ட பேசற விதமே மாறிப்போச்சு. இப்ப துறைமுகத்துல வேல பாக்கறேன், இன்னைக்கும் எனக்கு ஒண்ணு கிடைச்சா அதுல யாரு கை இருக்குன்னு யோசிக்கிற பழக்கம் அங்க வந்ததுதான்.

இப்ப கெட்டது. 12வதுல செமி பைனல்ல முட்டி திரும்பிருச்சு. வீங்கிப் போச்சு. அடுத்த நாள் பைனல், வலிக்குதுன்னு சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவாங்கன்னு பயம், சுத்தி இருந்த பெரியவங்களும் ஆம்பளப் புள்ள இதத் தாங்கிக்க மாட்டியான்னுதான் கேட்டாங்க. க்ரேப் பேண்டேஜ் சுத்திக்கிட்டு எறங்கிட்டேன். கடைசில டூ ஆர் டை ரைடு, பாயிண்ட் எடுக்காம வந்தா நான் அவுட், கோட்டத் தொடறதுக்காகத் திரும்புறேன், முட்டிக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம், எனக்கே கேட்டுச்சு. உள்ள இருக்கிற லிகமெண்ட் முழுசா அறுந்து போச்சுன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. அதோட கபடி முடிஞ்சுது.

அதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, வலிச்சா வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லணும். அத முட்டி போறதுக்கு முன்னாடி யாராவது சொல்லிக் குடுத்திருக்கலாம்ல அக்கா. கஷ்டம் தானா பாடம் நடத்தும்னு சொல்றத நான் நம்ப மாட்டேன்.

---

பீட்டி_சார், விழுப்புரம் பக்கம்

அம்மா வணக்கம். 22 வருஷமா அரசுப் பள்ளில உடற்கல்வி ஆசிரியர். உங்க பொண்ணு மாதிரி எத்தனையோ பிள்ளைங்க என் தோள்ல சாஞ்சு அழுதிருக்காங்க, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

மொதல்ல ஒரு விஷயம், அந்த ரூல் சரிதான். முதல் வளைவுல வெளி லேன்ல ஓடறவங்கள முன்னால தள்ளி நிக்க வைக்கறது எல்லாருக்கும் தூரம் ஒண்ணா இருக்கணும்னுதான், கோட்டுக்கு முன்னாடியே உள்ள வந்தா அது குறுக்கு வழி ஆயிரும், அவ வேணும்னு பண்ணாட்டியும். ஆனா மழைக்கு அப்புறம் அந்த எடத்துல கொடியோ கூம்போ வெச்சிருக்கணும், வெச்சாங்களா இல்லையான்னு கேக்க வேண்டியது கூடப் போன பெரியவங்க வேலை. முடிவு அறிவிச்ச 30 நிமிஷத்துக்குள்ள ரெஃப்ரிகிட்ட ப்ரொட்டெஸ்ட் பண்ணலாம்னு தடகள விதியிலயே இருக்கு. ஜெயிச்சிருப்போம்னு சொல்லல. கேட்டிருந்தா நமக்காக ஒருத்தர் போய் நின்னாங்கன்னு அந்தக் குழந்தைக்குத் தெரிஞ்சிருக்கும், அது பெருசும்மா.

இப்ப அவகிட்ட ஷைனி வில்சன் கதையச் சொல்லுங்க. நம்ம நாட்டு ஓட்டக்காரங்க, அப்ப அவங்க பேரு ஷைனி ஆபிரகாம். 1986 சியோல் ஆசிய விளையாட்டு, இதே 800 மீட்டர், இதே தப்பு. லேன் மாறக்கூடாத எடத்துல மாறினாங்கன்னு டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. கைக்கு வந்த தங்கம் அது. பள்ளி மைதானம் இல்ல, நாடே பாத்துக்கிட்டிருக்கு. அதே சியோல்ல அவங்க 400 மீட்டர்ல பி.டி. உஷாவுக்குப் பின்னாடி வெள்ளி வாங்கினாங்க, 4x400 ரிலேல உஷாவோட சேர்ந்து தங்கம் வாங்கினாங்க. 84, 88, 92, 96னு நாலு ஒலிம்பிக்ஸ் போனாங்க, 92 பார்சிலோனால இந்தியக் கொடியைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தது அவங்கதான். அப்புறம் சென்னைலதான் இருந்தாங்க, இந்திய உணவுக் கழகத்துல வேலை. அந்தக் கோடு எங்க இருக்குன்னு அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒரு நாளும் மறந்திருக்காதுன்னு நான் என் பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன்.

நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். ரெண்டு பசங்களப் பத்திச் சொல்றேன். ஒருத்தன் 4x100 ரிலேல ரெண்டாவது ஆள், மாநிலப் போட்டில குச்சியக் கீழ விட்டுட்டான். மத்த மூணு பேரும் அவன்கிட்ட பேசல. நான் ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லல, மூணாவது நாள் நாலு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு, குச்சி விழுந்த அந்த நொடியில நீ என்ன பாத்த, உன் கை எங்க இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தனா கேட்டேன். திட்டல, கேள்வி மட்டும்தான். அப்பத்தான் தெரிஞ்சுது, குச்சி குடுத்தவன் ஸ்டிக்னு சத்தம் குடுக்கவே இல்ல, வாங்கினவன் அடி அளந்து ஒட்டின டேப்ப குடுக்கறவன் தாண்டறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான். ரெண்டு பேர் தப்பு. அடுத்த வருஷம் முழுக்க அந்தப் பசங்க கேண்டீனுக்குப் போறப்பக்கூட முன்னாடி போறவன் கையில குச்சியக் குடுத்துக்கிட்டேதான் நடந்தானுங்க. குச்சிய விட்டவன் இப்ப போலீஸ்ல இருக்கான்.

இன்னொருத்தன் என் பள்ளி இல்ல, ஒரு போட்டில பாத்தேன், 1500 மீட்டர்ல கடைசி ரவுண்டுல நின்னுட்டான். அழைச்சிட்டு வந்தவரு எல்லார் முன்னாடியும் கன்னத்துல ஒண்ணு விட்டாரு. அந்தப் பையன் காலு அவ்வளவு நல்ல காலும்மா, நீளமா, தரையில பட்டும் படாம ஓடுவான். அதுக்கப்புறம் எந்தப் போட்டிக்கும் அவன் வரல. விசாரிச்சேன், கிரவுண்டு பக்கமே வர்றதில்லன்னாங்க. அவனும் கத்துக்கிட்டான், கிரவுண்டுக்குப் போனா அடிப்பாங்கன்னு. ரெண்டு பேருக்கும் வந்தது கிட்டத்தட்ட ஒரே மாதிரி தோல்விதான். மறுநாள் யாரு பக்கத்துல இருந்தாங்கங்கறதுதான் வேற.

அதனால நிறுத்தறதா போகச் சொல்றதான்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. ஒரு வாரம் ஓட்டத்தப் பத்தி நீங்களும் பேச வேண்டாம். அவ பி.டி. சாரப் பாத்து வளைவு முடியற எடத்துல கோடு போட்டு, ஒரு தடவ அவளோட சும்மா நடந்து பாக்கச் சொல்லுங்க. ஓட வேண்டாம், நடந்தாப் போதும்.

---

வைகைக்கரை_ஸ்டாஃப்நர்ஸ், மதுரை

அக்கா, உங்க மாமியார் பேசினத படிச்சதும் எனக்கு எங்க ஊரு சக்கிமங்கலம் ரேவதி ஞாபகந்தான் வந்துச்சு. ரேவதி வீரமணி, 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 4x400 கலப்பு ரிலே ஓடின பொண்ணு. சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ட்டாங்க, பாட்டிதான் கூலி வேலைக்குப் போய் அக்கா தங்கச்சி ரெண்டையும் வளத்தாங்க. பொட்டப் புள்ளைங்கள வேலைக்கு அனுப்பாம ஓட அனுப்புறியான்னு சொந்தக்காரங்க கேட்டாங்க, அந்தப் பாட்டி காதுலயே போட்டுக்கல. அதனால உங்க வீட்டுப் பாட்டிகிட்ட அந்தப் பாட்டியப் பத்திச் சொல்லிப் பாருங்க, சண்டை போடாம, சும்மா கதை மாதிரி.

ஆனா ஒண்ணு எனக்கு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. ரேவதி வெறுங்காலோட ஓடினாங்கன்னு எல்லாரும் பெருமையாப் பேசுறாங்க, ஸ்கூல்ல பேச்சுப் போட்டிலகூட சொல்றாங்க. அந்தப் பொண்ணோட பெருமை அது, சரி. ஆனா ஒரு மாவட்டத்துல இருக்குற பெரியவங்க நமக்கு அது பெருமையா? ஷூ வாங்கித் தர ஆள் இல்லாமப் போனது அந்தப் புள்ளையோட பயிற்சி இல்ல, நம்ம குறை. கஷ்டம் தானா பாடம் நடத்தாதுன்னு பழைய ரைடர் தம்பி சொன்னதுதான் சரி.

நான் பாக்குறது வேற மாதிரி கஷ்டம். எங்க வார்டுக்கு ஒரு ஸ்கூல் பொண்ண கூட்டிட்டு வந்தாங்க, கோ-கோ விளையாடுற புள்ள, கிரவுண்டுல மயங்கி விழுந்துருச்சு. ஆறு மாசமா வேகம் கொறஞ்சுருச்சாம், சோம்பேறி ஆயிட்டன்னு எல்லாரும் திட்டி இன்னும் ரெண்டு ரவுண்டு சேத்து ஓட வச்சுருக்காங்க. ரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் 7.8. பன்னிரண்டுக்கு மேல இருக்கணும். மாசா மாசம் ரொம்பப் போகுதுன்னு அந்தப் புள்ள யாருகிட்டயும் சொல்லல, சார்கிட்ட எப்படிச் சொல்லும், வீட்ல கேக்கவும் ஆள் இல்ல. ஸ்கூல்ல குடுக்குற நீலக் கலர் இரும்பு மாத்திரைய கசக்குதுன்னு ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டுருக்கு. மாத்திரையும் முருங்கைக்கீரையும் பேரீச்சையும்னு மூணு மாசம் பாத்தோம், திரும்ப ஓடுது. அந்த ஆறு மாசம் அது மனசுக்குள்ள நான் சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டே இருந்துருக்கு பாருங்க. எதையும் கத்துக்கல, தன்னையே தப்பா நெனச்சுக்கிட்டதுதான் மிச்சம்.

உங்க பொண்ணுக்கும் ஒரு தடவ ரத்தம் பாத்துருங்கக்கா, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா ஓடுற பொம்பளப் புள்ளைக்குப் பாக்கணும்.

---

லேன்_4, சென்னை

ஆன்ட்டி, நான் காலேஜ் செகண்ட் இயர், ஸ்போர்ட்ஸ் கோட்டாலதான் சீட் கிடைச்சது, 200 மீட்டர் ஓடறேன். உங்க பொண்ணு வயசுக்குக் கிட்ட இருக்கறதால எழுதலாம்னு தோணுச்சு.

நான் 11வதுல ஸ்டேட் மீட்ல ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். இப்ப ரூல் ஒரு தடவைதான், செகண்ட் சான்ஸ் கிடையாது, சிவப்பு கார்டு காமிச்சா ட்ராக்க விட்டு வெளிய நடக்கணும். எனக்கு அந்த நடைதான் ஞாபகம் இருக்கு, எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கும், நெசத்துல யாரும் பாக்கல, அவங்கவங்க ஸ்டார்ட்டுக்கு ரெடி ஆயிட்டு இருந்தாங்க. உசைன் போல்ட்டுக்கே 2011ல தென்கொரியா தேகுல வேர்ல்ட் சாம்பியன்ஷிப் 100 மீட்டர் பைனல்ல ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆச்சு, ஒரே வாரத்துல 200 மீட்டர் ஜெயிச்சாருன்னு எங்கண்ணன் வீடியோ போட்டுக் காமிச்சான். அப்ப எனக்கு அவன் மேல கோவம்தான் வந்துச்சு. ஏன்னா நான் போல்ட் இல்ல, எனக்கு அடுத்த வாரம் ஒரு ரேஸ் இல்ல, அடுத்த வருஷம்தான். அதனால பெரிய ஆளுங்க கதை சொல்றப்போ கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, சில நாள் அது ஏறாது. பீட்டி சார் தப்பா எடுத்துக்காதீங்க, ஷைனி மேம் கதை சூப்பர், ஆனா மூணாவது நாள் இல்ல, பத்தாவது நாள் சொன்னா நல்லா இருக்கும்னு நெனைக்கறேன்.

எனக்கு உதவுனது என் ஃப்ரெண்டு. அவ ஹாஸ்டல் வராண்டால நின்னுக்கிட்டு ஆன் யுவர் மார்க்ஸ், செட்னு சொல்லிட்டு கை தட்டுவா. சில தடவ உடனே, சில தடவ மூணு செகண்ட் கழிச்சு, சில தடவ தட்டாமலே ஓகே எந்திரின்னுடுவா. தெனமும் ராத்திரி பத்து தடவ, டைல்ஸ் தரையில முட்டி போட்டு. செட் சொன்னதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல எதையும் எதிர்பாக்காம இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது, நான் அது வரைக்கும் ஸ்டார்டர் எப்ப சுடுவாருன்னு கெஸ் பண்ணித்தான் ஓடியிருக்கேன், ஜெயிச்ச ரேஸ்லயும். அதாவது ஜெயிச்சுக்கிட்டே இருந்திருந்தா அந்தத் தப்பு எனக்குள்ளயே இருந்திருக்கும். எக்ஸாம் ஹால்ல கொஸ்டின் பேப்பருக்கு வெயிட் பண்றப்பவும் இப்ப எனக்கு அந்த வராண்டாதான் வரும்.

அவளுக்கு ஓட வேண்டாம்னா நிறுத்தட்டும் ஆன்ட்டி, அதுவும் தப்பில்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி கோவத்துல எடுத்த முடிவா அது இருக்க வேண்டாம்.

---

செக்கிங்_அம்மா, திருப்பூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பதில் போட லேட் ஆயிருச்சு, கம்பெனில அர்ஜெண்ட் ஆர்டரு, ரெண்டு ஷிப்டு பாத்தேன்.

பீட்டி சாரு சொன்ன மாதிரி ஒரு வாரம் வாயே தொறக்கல. அப்பாத்தாகிட்ட மட்டும் மதுரை புள்ள சொன்ன ரேவதி பாட்டி கதையச் சொன்னேன். ஒண்ணும் பேசல, வெத்தலைய மென்னுட்டே கேட்டுச்சு. அப்புறம் அந்தப் புள்ள ஓடறத போன்ல காட்டுன்னுச்சு. காட்டுனேன். காலு எம்பேத்தி மாதிரித்தான் இருக்குதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

ரத்தம் பாத்தோங்க, 10.4. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. இது இந்தப் போட்டிக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா ஓடியிருப்பா போலன்னு மனசு அடிச்சுக்குது.

லேன் 4 பாப்பா, நீ எழுதுனத அவகிட்டயே படிக்கக் குடுத்துட்டேன் கண்ணு. வேற யாரோடதையும் குடுக்கல. மூணு தடவ படிச்சா. யாரும் பாக்கலன்னு நீ எழுதியிருந்தியே, அங்க நின்னுட்டு இருந்தா.

நேத்து சாயங்காலம் அவளே ஸ்கூல் பி.டி. சாருகிட்ட கேட்டு சுண்ணாம்புப் பொடி வாங்கி, கயிறு புடிச்சு அந்தக் கோட்ட அவளே போட்டிருக்கா. நான் கூப்பிடப் போறப்ப வளைவுல இருந்து அது வரைக்கும் நடந்து நடந்து எட்டு எண்ணிட்டு இருந்தா. கையெல்லாம் வெள்ளை. ஓடலைங்க. ஓடப் போறேன்னும் சொல்லல, நானும் கேக்கல.

வண்டில வர்றப்ப பின்னாடி இருந்து ஒண்ணு மட்டும் கேட்டா, அதுக்குத்தான் இப்ப எழுதறேன். மழை பேஞ்ச மண் தரைல அன்னைக்கு வழுக்குச்சாம், வளைவுல வழுக்குனதாலதான் அவசரப்பட்டு உள்ள வந்தாளாம், இத இத்தன நாளா சொல்லவே இல்ல. அவ ஸ்பைக்ஸ் ஷூவுக்கு அடில இருக்கற ஆணி சின்னதாமா, தேஞ்சும் போயிருக்குது. மண்ணுக்கு என்ன அளவு வாங்கோணுங்க சார்?

---

பீட்டி_சார், விழுப்புரம் பக்கம்

அம்மா, காஞ்ச மண்ணுக்கு 9 மில்லிமீட்டர் போதும், ஈரமா இருந்தா 12 போடலாம். சிந்தெட்டிக் ட்ராக்ல 9க்கு மேல விட மாட்டாங்க, அங்க 6 போட்டுக்கட்டும். ஷூவ முழுசா மாத்த வேண்டியதில்ல, ஆணி மட்டும் தனியா பாக்கெட்டா கிடைக்கும், திருகுற சாவியும் சேத்து வாங்கிக்கங்க. பழைய ஆணியக் கழட்டறப்ப துரு புடிச்சு வரலன்னா ஒரு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டு ராத்திரி வெச்சிருங்க, காலைல திருகினா வந்துரும்.